புளிப்பு பீர்: முதல்முறை குடிப்பவருக்கு எதைக் கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புளிப்பு பீர் (கடைகளில் சவர் பீர்) பற்றித் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்துக் கோப்பையைத் தள்ளி வைப்பவர்களில் பெரும்பாலோர் புளிப்பை வெறுப்பவர்கள் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த முதல் பாட்டில் தப்பு, அவ்வளவுதான். இந்தப் பக்கம் முழுக்க அதைச் சுற்றித்தான். சட்டப்படி குடிக்கும் வயதை எட்டியவர்களுக்காக மட்டும் எழுதியது.

இது கெட்டுப்போன பீர்தானே? அதுக்கு ஏன் காசு கொடுக்கணும்?

தோசை மாவு புளிப்பதும் சாம்பார் ஊசிப்போவதும் ஒன்றில்லை. இரண்டிலும் நுண்ணுயிர்தான் வேலை செய்கிறது. ஆனால் முன்னதில் எது வளரவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. புளிப்பு பீரும் அப்படித்தான். சாதாரண பீரில் ஈஸ்ட் மட்டும் வேலை செய்யும். இதில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாவையும் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், அல்லது காற்றிலிருந்தும் மரப்பீப்பாயிலிருந்தும் வர விடுகிறார்கள்.

நீங்கள் வாங்கிய சாதாரண லாகர் பீர் புளித்தால், அது கெட்டதுதான். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு புளிக்கும்? எலுமிச்சம்பழம் அளவுக்கா?

அவ்வளவு இல்லை. பி.எச். என்பது அமிலத்தை அளக்கும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். சாதாரண லாகரின் பி.எச். அளவு 4.2 முதல் 4.5 வரை. புளிப்பு பீர் பெரும்பாலும் 3.2 முதல் 3.6-க்குள் நிற்கும். எலுமிச்சைச் சாறு 2-க்குச் சற்று மேலே. நாக்குக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சர்க்கரை போடாமல் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் வரும் புளிப்பு, நடுத்தரமான புளிப்பு பீருக்குப் பக்கத்தில் வரும்.

தயிரிலும் லாக்டிக் அமிலம்தான் இருக்கிறது. ஆனால் அதில் உள்ள கொழுப்பும் புரதமும் புளிப்பை மூடி வைக்கின்றன. பீரில் அந்தத் திரை கிடையாது, மேற்கொண்டு நுரையும் சேர்ந்து குத்தும். அதனால் முதல் மிடறு எப்போதும் அதிகமாகத் தெரியும். மூன்றாவது மிடறுக்குப் பிறகுதான் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்பதை, கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வகைகளைக் கேட்டாலே தலை சுத்துது. எதைத் தெரிஞ்சா போதும்?

தொடங்குவதற்கு நாலு குடும்பம் போதும். ஜெர்மனியிலிருந்து இரண்டு. பெர்லினர் வைஸ என்பது பெர்லின் நகரத்துக் கோதுமை பீர், ஆல்கஹால் சுமார் 3%, நல்ல மோர் மாதிரி சுத்தமான புளிப்பு. கோஸா என்பது கோஸ்லார் ஊரில் பிறந்து லைப்சிக் நகரத்தில் நிலைத்தது. அதில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேரும், ஆல்கஹால் 4 முதல் 5%. உப்புப் போட்ட எலுமிச்சை சோடா குடித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகவே தெரியாது.

பெல்ஜியத்திலிருந்து இரண்டு. மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியின் சிவப்பு பீர், பெரிய ஓக் மரத் தொட்டிகளில் இரண்டு வருடம்வரை கிடந்து, உலர்ந்த செர்ரியும் நல்ல வினிகரும் கலந்த ருசிக்கு வரும். ரூஸலாரே ஊரில் 1821-இல் தொடங்கிய ரோடன்பாக் இதற்குத் தலைமகன். நாலாவது லாம்பிக். பிரஸ்ஸல்ஸ் நகரத்திலும் அதன் மேற்கே உள்ள பாயோட்டன்லாந்திலும் ஈஸ்ட் சேர்க்காமல் காற்றில் இருப்பதை வைத்தே நொதிக்கும் பீர் அது. அதன் குழந்தைகள்தான் கூஸ், க்ரீக் (செர்ரி போட்டது), ஃப்ராம்ப்வாஸ் (ராஸ்பெர்ரி போட்டது), ஃபாரோ எல்லாம்.

இவை போக அமெரிக்காவிலும் மற்ற நாடுகளிலும் வரும் பழப் புளிப்பு பீர்களில் பெரும்பாலானவை முதல் இரண்டின் பேரப்பிள்ளைகள். பிரேசிலின் கத்தரினா சவர் கூட பெர்லினர் வைஸயில் வெப்பநாட்டுப் பழங்களைப் போட்டு, ஆல்கஹாலைக் கொஞ்சம் கூட்டியதுதான்.

கோஸா, கூஸ் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை, இந்தக் குழப்பத்தால் தவறான பாட்டில் வாங்கி வந்தவர்கள் ஏராளம். கோஸா ஜெர்மனியின் உப்பு பீர். இலேசானது, விலை குறைவு, புதிதாகக் குடிக்கவேண்டியது. கூஸ் பெல்ஜியத்தின் லாம்பிக் கலவை. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் பழகிய லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலிலேயே மறுபடி நொதிக்க விடுவது. கடையில் கேட்கும்போது ‘உப்பு போட்டதா, பீப்பாயில் கிடந்ததா’ என்று சேர்த்துக் கேட்டால் தப்பாது.

முதல் தடவை குடிக்கிறவருக்கு எதை வாங்கிக் கொடுக்கலாம்?

‘உங்களுக்கு எந்த பீர் பிடிக்கும்’ என்று தொடங்காதீர்கள், அந்தப் பதில் இங்கே உதவாது. ‘உங்களுக்கு எந்தப் புளிப்பு பிடிக்கும்’ என்று கேளுங்கள். எலுமிச்சை சோடா, ஊறுகாய், உப்பு மாங்காய் என்று வந்தால் கோஸா கொடுங்கள். லைப்சிக்கின் பயரிஷர் பான்ஹோஃப் தயாரிப்பு நல்ல அளவுகோல். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு டாக்ஃபிஷ் ஹெட் கம்பெனியின் ஸீக்வென்ச் ஏல் (4.9%) எளிதில் கிடைக்கும், அதில் எலுமிச்சையும் கடல் உப்பும் இருக்கின்றன. மோர், நீராகாரம் என்றால் பெர்லினர் வைஸ.

சிவப்பு வைன் குடிப்பவருக்கும், ‘எனக்கு பீரே பிடிக்காது’ என்பவருக்கும் ரோடன்பாக் கிளாசிக் (5.2%). அதில் முக்கால் பங்கு இளம் பீர், கால் பங்குதான் இரண்டு வருடம் பழகியது. அதனால் இனிப்பும் புளிப்பும் சமமாக வரும். அது பிடித்தால் அடுத்த படி கிராண்ட் க்ரூ (6%). அங்கே பழையது மூன்றில் இரண்டு பங்கு. இதே சிவப்புக் குடும்பத்து டுஷெஸ் டி பூர்கோன் இன்னும் கொஞ்சம் இனிப்பு. அதைப் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் வைக்கிறார்கள், நாங்கள் முதலில் வைப்போம்.

பழச்சாறு, இனிப்பு என்றால் லிண்டமன்ஸ் க்ரீக் (3.5%). ஐ.பி.ஏ. என்ற கசப்பான பீர் வகையை விரும்புபவர்கள்தான் கஷ்டமான ஆட்கள். கசப்பும் புளிப்பும் ஒன்றோடொன்று சண்டை போடும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ ஹாப்ஸ். அதை நொதித்த பிறகு வாசனைக்காக மட்டும் சேர்த்த புளிப்பு பீரை அவர்களுக்குத் தேடுங்கள். லேபிளில் ‘ட்ரை ஹாப்ட் சவர்’ என்று இருக்கும்.

சரி, எதைக் கொடுக்கவே கூடாது?

மூன்று தவறுகள்தான் மறுபடி மறுபடி நடக்கின்றன. ஒன்று, நமக்குப் பிடித்த அரிய கூஸைத் திறப்பது. கூஸ் அருமையான பீர்தான், ஆனால் அது நாலாவது, ஐந்தாவது சந்திப்புக்கு. சர்க்கரை துளியும் மிச்சமில்லாமல், குதிரை லாயத்து வாசனையோடு வரும் ஒன்றைப் புதியவர் எதோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்வார்?

இரண்டு, வினிகர் தூக்கலான பீப்பாய்ப் பழையது. அசெடிக் அமிலம் தொண்டையில் எரியும், அந்த எரிச்சலைத்தான் ‘புளிப்பு பீர்’ என்று மூளை குறித்துக்கொள்ளும். மூன்று, அளவு. 500 மி.லி. கிளாஸைக் கையில் கொடுத்தால் எதுவும் தண்டனையாகிவிடும். முதல் தடவை 75 மி.லி. போதும்.

லிண்டமன்ஸ் க்ரீக் இனிப்பா இருக்கு. அது உண்மையான புளிப்பு பீரே இல்லைன்னு சொல்றாங்களே?

அடியில் இருப்பது உண்மையான லாம்பிக்தான், மேலே செர்ரிச் சாறும் இனிப்பும் சேர்த்திருக்கிறார்கள். அதே கம்பெனி க்யுவே ரெனே என்று இனிப்பே இல்லாத பாரம்பரிய கூஸும் செய்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து 50 மி.லி. ஊற்றிக் குடித்துப் பாருங்கள், இனிப்பு எதை மறைக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இனிப்பானதைக் கேலி செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஃபாரோ என்பதே சர்க்கரை சேர்த்த லாம்பிக். பழைய பிரஸ்ஸல்ஸ் கடைகளில் லாம்பிக்கோடு சர்க்கரைக் கட்டியும், அதை நசுக்க ஒரு சிறு உலோக மத்தும் சேர்த்தே வைப்பார்கள். ஊர்க்காரர்களே இனிப்புக் கலந்துதான் குடித்தார்கள்.

பெர்லினில் கலர் சிரப் ஊத்திக் குடிக்கிறாங்களாமே? அது ஏமாத்து வேலை இல்லையா?

அந்த ஊர்ப் பழக்கமே அதுதான். ராஸ்பெர்ரி சிரப் என்றால் சிவப்பு, வுட்ரஃப் என்ற மூலிகை சிரப் என்றால் பச்சை. கிண்ணம்போல் அகன்ற கிளாஸில் முதலில் சிரப், அதன் மேல் பீர். 330 மி.லி. பீருக்கு 20 மி.லி. சிரப்பில் தொடங்குங்கள். அதற்கு மேல் போனால் சர்பத். புதியவர் ஒருவரைப் படிப்படியாகப் பழக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை: அடுத்த கிளாஸுக்கு 10, அதற்கடுத்ததற்கு ஒன்றும் வேண்டாம்.

நாங்க ஆறு பேர் சேர்ந்து ருசி பார்க்கணும். எவ்வளவு வாங்கணும், எந்த வரிசையில் ஊத்தணும்?

ஆளுக்கு 75 மி.லி. வீதம் நாலு பீர். ஒரு பீருக்கு ஆறு பேருக்கும் சேர்த்து 450 மி.லி. ஆகிறது. பெர்லினர் வைஸ, கோஸா, ஃபிளாண்டர்ஸ் சிவப்பு மூன்றிலும் 330 மி.லி. அளவில் இரண்டிரண்டு, கூஸ் 750 மி.லி. ஒரு பாட்டில். இதில் ஒவ்வொருவர் வயிற்றுக்கும் போவது மொத்தம் 300 மி.லி. சராசரி 5% என்று வைத்தால் சுமார் 12 கிராம் ஆல்கஹால். மிஞ்சுவது இரண்டாவது சுற்றுக்கு, விரும்பினவருக்கு மட்டும். வண்டி ஓட்டவேண்டியவருக்கு இரண்டாவது சுற்று கிடையாது.

வரிசை: பெர்லினர் வைஸ, கோஸா, சிவப்பு, கடைசியில் கூஸ். இனிப்பான க்ரீக் இருந்தால் அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் எந்த பீரும் வெறும் அமிலமாகத்தான் தெரியும். நடுவில் கொறிக்க உப்பில்லாத ரொட்டியும் தண்ணீரும் போதும். மிக்சரும் மசாலாக் கடலையும் ருசி பார்த்து முடிந்த பிறகு வரட்டும். மிளகாய் ஏறிய நாக்கில் புளிப்பு இரட்டிப்பாகும்.

கிளாஸில் பாத்திரம் கழுவும் சோப்பு வாசம் இருந்தால் மொத்த ஏற்பாடும் பாழ். ஊற்றுவதற்கு முன் வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள்.

எவ்வளவு ஜில்லுன்னு குடிக்கணும்?

பெர்லினர் வைஸ, கோஸா 4 முதல் 7 டிகிரி செல்சியஸ், அதாவது ஃபிரிட்ஜிலிருந்து நேராக. சிவப்பும் கூஸும் 8 முதல் 12. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வைத்தால் அங்கே வந்துவிடும், நம்மூர் வெயிலில் பத்து நிமிடமே அதிகம். ரொம்பக் குளிர்ந்தால் வாசனை எல்லாம் அடங்கி அமிலம் மட்டும் மிஞ்சும். ‘வெறும் புளிதான், வேறொன்றுமில்லை’ என்று ஒருவர் சொன்னால், பீரை மாற்றுவதற்கு முன் கிளாஸைக் கையால் இரண்டு நிமிடம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள்.

கார்க் போட்ட பாட்டிலைத் திறந்தா பாதி பீர் மேலே பீச்சிடுது. என்ன தப்பு பண்றேன்?

பெரும்பாலும் இரண்டு காரணம்: சூடு, ஆட்டம். கூஸ் பாட்டிலில் ஷாம்பெய்ன் அளவுக்கு அழுத்தம் இருக்கும். அடியில் ஈஸ்ட் வண்டலும் இருக்கும். வண்டல் கலங்கினால் அதன் ஒவ்வொரு துகளும் குமிழி கட்டும் இடமாகி, திறந்தவுடன் எல்லாம் மேலே வரும். முந்தின நாளே ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். மேஜைக்குக் கொண்டு வரும்போது ஆட்டாமல், பாட்டிலைச் சாய்க்காமல் கொண்டு வாருங்கள்.

சில பாட்டில்களில் உலோக மூடிக்குக் கீழே கார்க்கும் இருக்கும். மூடியைக் கழற்றி ‘திறந்தாச்சு’ என்று நினைத்துப் பலர் ஏமாறுவது இங்கேதான். வைன் திறக்கும் திருகாணி வேண்டும். கார்க்கைத் துணியால் மூடிப் பிடித்து, புஸ் என்ற சத்தம் மெதுவாக வரும்படி இழுங்கள். ஆறு கிளாஸையும் வரிசையாக வைத்து ஒரே சாய்வில் ஊற்றிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பாட்டிலை நிமிர்த்தினால் வண்டல் கலங்கும். அடியில் ஒரு விரற்கடை விட்டுவிடுங்கள்.

லேபிளைப் பார்த்து உள்ளே என்னன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

‘கெட்டில் சவர்’: பாக்டீரியாவை ஓரிரண்டு நாள் வேலை வாங்கிவிட்டுக் கொதிக்க வைத்தது, சுத்தமான நேர்க்கோட்டுப் புளிப்பு, புதியவர்களுக்கு நல்லது. ‘மிக்ஸ்ட் கல்ச்சர்’, ‘வைல்ட் ஏல்’: பல நுண்ணுயிர் சேர்ந்து மாதக்கணக்கில் நொதித்தது, சிக்கலான ருசி. ‘ஃபூடர்’: பெரிய மரத்தொட்டி. ‘ஸ்மூத்தி’: பழக்கூழ் கலந்த கெட்டியான இனிப்புப் புளிப்பு. ‘பிரெட்’ என்று மட்டும் இருந்தால் அது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட், அந்த பீர் புளிக்கவேண்டிய அவசியமில்லை. இதில் ஏமாந்தவர்கள் நிறைய.

பெல்ஜியப் பாட்டிலில் ‘அவுடெ’ (பழைய என்று பொருள்) என்ற சொல் கூஸுக்கோ க்ரீக்குக்கோ முன்னால் இருந்தால் அதற்குச் சட்டப் பலம் உண்டு. 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பாதுகாக்கிறது. கூஸ் என்றால் கலவையின் மிகப் பழைய பகுதி குறைந்தது மூன்று வருடம் மரத்தில் கிடந்திருக்கவேண்டும். இனிப்பேற்றக் கூடாது.

ரெண்டு நாளில் புளிக்க வெச்சதும் மூணு வருஷம் பீப்பாயில் வெச்சதும் ஒண்ணா? விலை ஏன் இப்படி?

கெட்டில் சவரில் வேலை இப்படி: மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஊறவைத்து வடித்த இனிப்பு நீரை ஒருமுறை கொதிக்கவிட்டு 35–40 டிகிரிக்கு ஆற்றுவார்கள். லாக்டோபேசிலஸ் என்ற பாக்டீரியாவைச் சேர்த்து, காற்றுப் புகாமல் மூடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் பி.எச். 3.3 பக்கம் இறங்கியதும் மறுபடி கொதிக்க வைத்தால் பாக்டீரியா செத்துவிடும், புளிப்பு அங்கேயே நின்றுவிடும். பிறகு சாதாரண ஈஸ்ட். மூன்று நாலு வாரத்தில் பீர் தயார். புளிப்பேறும் வரைக்கும் ஹாப்ஸ் சேர்க்கக்கூடாது, அது இந்தப் பாக்டீரியாவுக்கு எமன். காற்று புகுந்தாலோ வேறு கிருமிகள் முந்திக்கொண்டாலோ குழந்தை கக்கிய பால் வாசம் வரும்.

லாம்பிக்கில் இதெல்லாம் தலைகீழ். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முளைகட்டாத கோதுமை. இரண்டு மூன்று வருடம் பழசான, கசப்பும் மணமும் போன ஹாப்ஸ். அதைக் கணிசமாகப் போடுவது வேண்டாத பாக்டீரியாவை அடக்கி வைக்க. கொதித்த நீரைக் கூரைக்கு அடியில், குளம்போல் அகன்று ஆழம் குறைந்த திறந்த தொட்டியில் ராத்திரி முழுக்க ஆறவிடுவார்கள். காற்றிலும் அந்தக் கட்டடத்திலும் இருப்பவை அதில் இறங்கும். இரவு நன்றாகக் குளிரும் மாதங்களில் மட்டும்தான் இது நடக்கும், ஏறக்குறைய அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. வெயில் காலத்தில் கெட்ட கிருமிகள் முந்திவிடும். பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900-இல் தொடங்கிய கான்டியோன் பீர் ஆலை இன்றும் அப்படித்தான் செய்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம், அது அருங்காட்சியகமும்கூட. அங்கே சிலந்தி வலையைக் கலைக்க மாட்டார்கள். பழ வாசனைக்கு வரும் ஈக்களைப் பிடிக்கும் வேலை சிலந்தியுடையது.

பிறகு பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருடம். முதலில் ஈஸ்ட், சில மாதம் கழித்து பீடியோகாக்கஸ் என்ற புளிப்பு பாக்டீரியா, அதற்கும் பிறகு பிரெட் என்று ஆள் மாறி ஆள் வேலை செய்யும். மரத்தின் வழியே ஒரு பகுதி ஆவியாகும், சில பீப்பாய்கள் தேறாமல் போகும். க்ரீக் என்றால் லிட்டருக்கு 200 முதல் 400 கிராம் செர்ரி வேறு. விலை அங்கிருந்து வருகிறது. விலை கூடியது புதியவருக்குச் சிறந்தது என்று மட்டும் அர்த்தமில்லை.

குதிரை லாயம் மாதிரி வாசம் வருது. கெட்டுப்போச்சா?

கூஸிலும் வைல்ட் ஏலிலும் லாயம், பழைய தோல், ஈர வைக்கோல் வாசம் பிரெட்டின் கையெழுத்து. அது சரியானதுதான். 1904-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் க்ளௌசென் இந்த ஈஸ்டை அடையாளம் காட்டியதே, பழகிய ஆங்கிலேய பீரின் தனி ருசிக்குக் காரணம் தேடிப்போய்த்தான்.

தவறானவை வேறு. வாந்தி வாசம், நகப்பாலிஷ் வாசம், தொண்டையை அறுக்கும் வினிகர். இவற்றில் எது வந்தாலும் கொட்டிவிடலாம், ‘இது இப்படித்தான் இருக்கும்’ என்று விருந்தாளியிடம் சமாளிக்கவேண்டாம். பீர் எண்ணெய்போல் கயிறாக இழுத்தால் அது பீடியோகாக்கஸின் ‘நோய்’. பிரெட் உள்ள பாட்டிலென்றால் சில மாதத்தில் தானே சரியாகும், மூடி வையுங்கள்.

லாக்டோபேசிலஸ்னா பால் சேர்த்திருக்கா? எனக்குப் பால் ஒத்துக்காது.

பாக்டீரியாவின் பெயரில்தான் பால் இருக்கிறது. லாக்டிக் அமிலம் இங்கே தானியச் சர்க்கரையிலிருந்து வருகிறது. லாம்பிக், கோஸா, பெர்லினர் வைஸ எதிலும் பால் இல்லை. ஆனால் ஸ்மூத்தி வகையிலும் ‘மில்க்‌ஷேக்’ என்று பெயர் வைத்தவற்றிலும் பால் சர்க்கரையான லாக்டோஸை நிஜமாகவே சேர்ப்பதுண்டு. லேபிளைப் படியுங்கள். பார்லி ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு, பலவற்றில் கோதுமையும் உண்டு, க்ளூட்டன் ஆகாதவர்களுக்கு இந்த உலகம் மூடியதுதான்.

தயிர் மாதிரி வயித்துக்கு நல்லதாமே?

இல்லை. கெட்டில் சவரில் பாக்டீரியா வெந்து செத்துவிட்டது, மேலே சொன்ன மாதிரி. மற்றவற்றில் உயிரோடு இருந்தாலும் கூடவே ஆல்கஹால் இருக்கிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது தொந்தரவு. குடித்த கையோடு பல் தேய்க்கவேண்டாம், அமிலத்தில் இளகிய எனாமலைத் தேய்த்து எடுப்பதாகும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள்.

நம்ம சாப்பாட்டுக்கு எது சேரும்?

எண்ணெய், உப்பு, மொறுமொறுப்பு இருக்கும் இடத்தில் கோஸாவை வையுங்கள். மீன் வறுவல், உளுந்து வடை, வாழைக்காய் பஜ்ஜி. புளிக்குழம்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஏமாற்றம். சாப்பாட்டின் புளி பீரின் புளியை அடித்துவிட்டு, சப்பென்று ஏதோ ஒன்றைக் குடித்த மாதிரி இருக்கும். காரம் ஏறினால் இனிப்பான, ஆல்கஹால் குறைந்த க்ரீக் தாங்கும். பெல்ஜியர்கள் லாம்பிக்கோடு மட்டி மீனும், ஃபிளாண்டர்ஸ் பீரில் மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டிறைச்சியும் சாப்பிடுகிறார்கள். சுக்காவுக்குப் பக்கத்தில் ரோடன்பாக் நன்றாக நிற்பதும் அதே கணக்கில்தான்.

வீட்டில் எத்தனை நாள் வெச்சிருக்கலாம்?

கோஸா, பெர்லினர் வைஸ, பழம் போட்ட டின்கள்: வாங்கிய சில மாதத்துக்குள். அவுடெ கூஸ் இருட்டான, 10–15 டிகிரி உள்ள இடத்தில் பத்து வருடம், அதற்கு மேலும் தாங்கும். அவுடெ க்ரீக்கும் தாங்கும், ஆனால் பழ வாசனை ஒன்றிரண்டு வருடத்தில் மங்கிவிடும். செர்ரிக்காக வாங்கியதைச் சீக்கிரம் திறங்கள். 30 டிகிரிக்கு மேல் போகும் வீட்டில் ஃபிரிட்ஜைத் தவிர வேறு இடம் கிடையாது.

ஸ்மூத்தி டின்களில் ஒரு ஆபத்து இருக்கிறது. நொதிக்காத பழக்கூழை உள்ளே அடைத்திருப்பார்கள். ஈஸ்ட் மிச்சம் இருந்து வெளியில் சூட்டில் வைத்தால் மறுபடி நொதித்து டின் வெடிக்கும். வாங்கியதிலிருந்து குடிக்கும்வரை குளிரிலேயே இருக்கவேண்டும். அடிப்பாகம் உப்பிய டின்னை முகத்துக்கு அருகே திறக்காதீர்கள்.

ஆப்பில் மதிப்பெண் பார்த்து வாங்கலாமா?

அன்டாப்ட் போன்ற செயலிகளில் எண்ணைப் பார்க்காதீர்கள். அங்கே உச்சியில் இருப்பவை அரிதானவை, அடர்த்தியானவை, பழகிய நாக்குகள் துரத்துபவை. அடக்கமான கோஸாவுக்கு அந்தப் பட்டியலில் மரியாதையே கிடையாது. கீழே எழுதியிருக்கும் சொற்களைப் படியுங்கள். ‘எலுமிச்சை, உப்பு, லேசு’ என்று பலர் எழுதியிருந்தால் புதியவருக்கு வாங்கலாம். ‘லாயம், வினிகர், கூர்மை’ என்றால் உங்களுக்கு.

லாம்பிக்கும் நம்ம கள்ளும் ஒரே சமாச்சாரம்தானே?

தத்துவம் ஒன்றுதான். யாரும் ஈஸ்ட் போடாமல், சுற்றியிருப்பதே வந்து நொதிக்க வைக்கிறது. வேகம்தான் வேறு. பாளையிலிருந்து வடியும் இனிப்புச் சாறு நம்மூர்ச் சூட்டில் சில மணி நேரத்தில் கள்ளாகி, ஒரு நாளில் வினிகர் பக்கம் சாயும். லாம்பிக்கை ஹாப்ஸும் குளிரும் மூடிய பீப்பாயும் இழுத்துப் பிடித்து வைக்கின்றன. புளித்த கள் ருசி தெரிந்தவருக்கு, நுரையில்லாத இளம் லாம்பிக் பிரஸ்ஸல்ஸில் கிடைத்தால் கொடுத்துப் பாருங்கள். அவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன வரிசை தேவையில்லை.

‘அவுடெ’ன்னு போடாத கூஸ் எல்லாம் இனிப்புச் சேர்த்ததா?

இல்லை. சொல் இருந்தால் உறுதி, இல்லாவிட்டால் விசாரிக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. கான்டியோன் ‘100% லாம்பிக்’ என்று எழுதுகிறது, அது இனிப்பில்லாததுதான்.  பொருட்பட்டியலில் சர்க்கரை, இனிப்பூட்டி, பழச்சாறு இருந்தால் இனிப்பு வகை. பெல்ஜியத்துக்கு வெளியே இதே முறையில் செய்பவர்கள் பெரும்பாலும் லாம்பிக் என்ற பெயரை எடுக்காமல் விடுகிறார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2007-இல் திறந்த தொட்டி கட்டிய அலகாஷ் பீர் ஆலை, அந்தத் தொட்டியின் பெயரான ‘கூல்ஷிப்’பையே பீருக்கும் வைத்தது.

வாங்கிக் கொடுத்தேன், பிடிக்கலன்னுட்டார். இன்னொண்ணு கொடுக்கட்டுமா?

அன்றைக்கு வேண்டாம். எது பிடிக்கவில்லை என்று மட்டும் கேளுங்கள். ‘புளிப்பு’ என்றால் அடுத்த முறை ரோடன்பாக் கிளாசிக். ‘வாசனை’ என்றால் பிரெட் இல்லாத கெட்டில் சவர். ‘பீர் மாதிரியே இல்லை’ என்றால் அவர் பீர் தேடுகிறார், விட்டுவிடுங்கள். வேறு வேறு குடும்பத்தில் இரண்டு முயற்சி. அதற்கு மேல் கொடுப்பது உபசாரம் இல்லை.

ஒரே பாட்டில்தான். எனக்கு முழுங்கின பிறகு எலிப்புழுக்கை வாசம் வருது, பக்கத்தில் இருக்கிறவருக்கு ஒண்ணுமே தெரியல. யார் சொல்றது சரி?

இரண்டு பேரும் சரி. டெட்ராஹைட்ரோபிரிடின் என்ற சேர்மம் அது. பீரின் அமிலத்தில் வாசனை தராமல் அடங்கிக் கிடக்கும். விழுங்கியதும் எச்சில் பி.எச்.-ஐ உயர்த்த, பத்து முப்பது வினாடி கழித்து எழும்பும். வாய் எச்சிலின் தன்மை ஆளுக்கு ஆள் மாறுவதால் சிலருக்குத் தெரியவே தெரியாது. அதனால் முகர்ந்து பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வதில் பயனில்லை.

பாட்டிலில் அடைத்த புதிதிலும், காற்றுப் பட்டாலும் இது கூடும். பிரெட் உயிரோடு இருக்கும் பாட்டிலென்றால் மூன்று முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலும் குறையும். அதே பெட்டியில் வாங்கிய மற்ற பாட்டில்களைத் தள்ளி வைத்து, மாதம் கழித்து ஒன்றைத் திறந்து, அந்த வாசம் தெரிகிறவர் வாயிலேயே சோதித்துப் பாருங்கள்.